சீட்டில் விழுந்த மாடி வீடு

என்னை இந்த வேலைக்கு எடுத்தபோது அதிகாரி அம்மா கேட்டது ஒரே ஒரு கேள்வி. "படகுல போகப் பயமில்லையே?" இல்லை என்றேன். அரசாங்கத்துக்கு நான் சொன்ன முதல் பொய் அது.

எங்கள் ஊர் காட்டூர். நெல் விளைகிற ஊர். எனக்குப் பழக்கமான தண்ணீர் எல்லாம் கணுக்காலோடு நின்றுவிடும். அதிலும் நான் நாற்று நட்டால், வரிசை எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று நாற்றுக்கே தெரியாது. வயலுக்கு நான் ஆகமாட்டேன் என்று வீட்டில் எல்லோரும் ஒருமனதாக முடிவு செய்த பிறகு, நான் தாலுகா அலுவலகத்தின் தற்காலிகக் கள உதவியாளர் ஆனேன். ஒரு பை, ஒரு பேனா, கண்ணை மூடியபடி நான் நிற்கிற ஒரு அடையாள அட்டை. அந்த அட்டையைப் பார்த்துவிட்டுத்தான் முதல் நாளே ஒருவர் கேட்டார்: "இன்னா சார், தூங்கும்போதே வேலைக்கு எடுத்துட்டாங்களா?"

கேட்டவர் கடைசி வீட்டு அண்ணன். பழவேற்காடு ஏரியை ஒட்டிய அந்த மீனவக் குப்பத்தில் கீழ்வரிசையின் கடைசி வீடு அவருடையது. அதற்கப்பால் தண்ணீர்தான். மழைக்காலத்தில் அந்த 'அப்பால்' வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். ஐப்பசியில் ஆறுகள் நீரைக் கொண்டுவந்து ஏரியில் கொட்டும். கடலுக்கு வழிவிட வேண்டிய முகத்துவாரம் மணல் மூடிக் கிடக்கும். போக இடமில்லாத தண்ணீர் கீழ்வரிசைக்குள் விருந்துக்கு வந்ததுபோல நுழையும். கட்டிலைச் செங்கல்மேல் ஏற்றுவார்கள், அடுப்பைக் கட்டில்மேல் ஏற்றுவார்கள், கோழி தானாக அடுப்பின்மேல் ஏறிக்கொள்ளும்.

கடைசி வீட்டில் கட்டில்மேல் ஏற்ற இன்னொன்றும் இருந்தது. அண்ணன்தான். சில வருஷங்களுக்கு முன் முகத்துவாரத்தில் படகு மணல்திட்டில் மோதிக் கவிழ்ந்து அவர் இடுப்பின்மேல் விழுந்தது. அதிலிருந்து கால்கள் அவர் பேச்சைக் கேட்பதில்லை. சக்கரம் வைத்த ஒரு பலகையில் உட்கார்ந்து, கையால் தரையை உந்தி உந்திப் போவார். உட்கார்ந்த இடத்தில் வலை பழுது பார்ப்பார், போகிறவர் வருகிறவர்களையெல்லாம் கிண்டலடிப்பார். அவருடைய மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். பனையோலைப் பறிக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் கையால் தடவித் தடவி இறால் பிடிக்கிறவர். வாயில் பறி இருக்கிறவரைதான் அவர் யாரையும் திட்டமாட்டார்.

போன மழையில் தண்ணீர் கட்டில் பலகையைத் தொட்டுவிட்டதாம். அக்கா ஒரு பகல் முழுக்கப் பக்கத்தில் நின்றபடி அண்ணனைப் பிடித்துக்கொண்டிருந்தாராம், படகு வரும்வரை. இதைச் சொல்லும்போது மட்டும் அண்ணன் கிண்டலைக் கொஞ்சம் ஓரமாக வைத்தார். பிறகு உடனே எடுத்துக்கொண்டார். "அவ்ளோ நேரம் கையப் புடிச்சிக்கினு நின்னா சார். கல்யாணத்தப்பகூட அவ்ளோ நேரம் புடிக்கல."

இந்தக் கீழ்வரிசைக்காரர்களை மேட்டுக்கு மாற்றுவதுதான் திட்டம். சாலையோரம் மண் கொட்டி உயர்த்திய இடத்தில் அரசு வீடு கட்டியிருந்தது. ஒரு கட்டடத்துக்குக் கீழே இரண்டு வீடு, மேலே இரண்டு வீடு. ஏரிக்கு நடந்தால் கால் மணி நேரம். என் வேலை, வீட்டுக்காரர்களுக்கு வேண்டிய காகிதங்களைச் சேர்த்துக் கொடுப்பது.

காகிதம் என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். வெள்ளத்தில் வீடு மூழ்கும் என்று நிரூபிக்கத் தேவையான காகிதங்கள் எல்லாம் வெள்ளத்தில் மூழ்கியிருந்தன. வீட்டு வரி ரசீதுகளைக் கருவாட்டோடு சேர்த்துக் காயவைத்து எடுத்து வருவார்கள். என் பை அந்த வாசனையை இன்றுவரை விட்டுக்கொடுக்கவில்லை. பேருந்தில் எனக்குப் பக்கத்து இருக்கை எப்போதும் காலி. அப்புறம் புகைப்படம். 'உரிமையாளர் தம் வீட்டின் முன் நிற்கும் படம்' என்று விண்ணப்பத்தில் இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு கட்டாத பட்டுப்புடவையைக் கட்டி, பவுடர் பூசி, பூ வைத்து நின்றார்கள். அதிகாரி அம்மா படங்களைப் பார்த்துவிட்டு, "இவங்கதான் பாதிக்கப்பட்ட குடும்பங்களா?" என்றார். அக்கா மட்டும் வேலைச்சேலையோடு, பறியைக் கையில் பிடித்து, என்னை முறைத்தபடி நிற்பார். அந்தப் படம்தான் விண்ணப்பத்துக்குப் பொருத்தமாக இருந்தது.

எல்லாம் சேர்ந்த பிறகு கூட்டம் போட்டோம், மீன் ஏலம் விடுகிற கொட்டகையில். வீடு வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எந்த வீடு என்பதில்தான் ரகளை. எல்லோருக்கும் கீழ்வீடு வேண்டும். வலையை, ஐஸ் பெட்டியை, படகு இஞ்சினைத் தினம் மாடிக்குத் தூக்க முடியுமா? ஊரில் இஞ்சின்காரர் என்றே பேர் வாங்கிய ஒருவர் இருந்தார். புது இஞ்சின் வாங்கியதிலிருந்து அதைப்பற்றித் தவிர வேறு எதுவும் பேசாதவர். அவர் எழுந்து நின்று, "என் இஞ்சினுக்குக் கீழ்வூடு குடுத்துடுங்க, எனக்கு மாடி குடுத்தாலும் பரவால்ல" என்றார். அதற்குள் மூன்று பக்கமும் குரல் உயர்ந்தது. அதிகாரி அம்மா என்னைப் பார்த்தார். குலுக்கல் முறையில்தான் ஒதுக்கீடு என்பதை நான் சொல்லியாக வேண்டும்.

அங்கேதான் எனக்கு அறிவு வேலை செய்தது. அது அடிக்கடி நடப்பதில்லை, நடக்கும்போதெல்லாம் ஏதாவது ஆகிறது.

அந்த ஏரிப் பக்கத்து ஊர்களில் பாடு என்று ஒரு ஏற்பாடு உண்டு. ஏரியில் மீன் நிறைய விழுகிற இடம் கொஞ்சம்தான். அதை ஒருவரே வளைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக, குடும்பத் தலைவர்கள் கூடிச் சீட்டுக் குலுக்கி, யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடுவது என்று முடிவு செய்துகொள்வார்கள். இவ்வளவும் எனக்குக் கேள்வி ஞானம். பொன்னேரிப் பேருந்தில் பின்னால் இருந்து இரண்டு பேர் பேசியதைக் கேட்டுத் தெரிந்துகொண்டது. பேருந்து பாதியில் நின்றுவிட்டதால் மீதியைக் கேட்கவில்லை.

நான் ஒரு மீன்பெட்டிமேல் ஏறி நின்று கத்தினேன்: "எதுக்குச் சண்டை? சீட்டுப் போடப் போறோம். உங்க பாடு சீட்டு மாதிரிதான் இதுவும்!"

கொட்டகை அமைதியானது. ஊர்த் தலைவர் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டுக் கேட்டார்.

"பாடு மாதிரியேவா?"

"அப்படியே தலைவரே. அச்சு அசல்."

"இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? அப்புறம் எதுக்கு சண்டை?"

அவ்வளவுதான். அன்று சாயங்காலத்துக்குள் அத்தனை வீட்டுக்காரர்களும் சம்மதக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பக்கத்துக் கிராமங்களில் மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்த வேலை. அதிகாரி அம்மா திரும்பும் வழியில் ஜீப்பில் கேட்டார், எப்படிச் செய்தீர்கள் என்று. மக்களின் பண்பாட்டை உள்வாங்கிக்கொண்டு பேச வேண்டும் மேடம் என்று தொடங்கினேன். எளாவூர் சோதனைச்சாவடி தாண்டியும் நான் நிறுத்தவில்லை. அவர் தூங்கிவிட்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

குலுக்கலுக்கு முன் இன்னொரு வேலை இருந்தது. படியேற முடியாதவர்கள் உள்ள குடும்பம் தனியாக ஒரு விண்ணப்பம் கொடுத்தால், சீட்டில் சேர்க்காமலே கீழ்வீடு ஒதுக்கலாம் என்று விதி. அந்த ஊரில் அப்படி ஒரே குடும்பம். விண்ணப்பத்தை நானே பூர்த்தி செய்து, கையெழுத்து மட்டும் பாக்கி வைத்து, கடைசி வீட்டுக்குப் போனேன்.

அக்கா இறாலைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "ஊருக்கெல்லாம் சீட்டு, எங்களுக்கு மட்டும் தனி வழியா? பாடுல யாருக்கும் தனி வழி கெடையாது தம்பி. வர்றது வரட்டும், பாத்துக்கலாம்."

"அக்கா, மாடி வந்துட்டா?"

"வந்தா இன்னா, கடலா கவுந்துடும்?"

அண்ணன் வலைக்குள்ளிருந்து தலையை நீட்டினார். "அவ ஒரு வாட்டி சொன்னா சொன்னதுதான். எனக்கே அப்பீல் கெடையாது. பேனாவ மூடு சார்."

என்ன தன்மானம், என்ன ஊர்ப்பற்று! விண்ணப்பத்தை மடித்துப் பையில் வைத்தேன். மறுநாள் அலுவலகத்தில் டீ குடித்தபடி இந்தச் சம்பவத்தை உணர்ச்சி பொங்க விவரித்தேன். அதிகாரி அம்மா டீயைக் கீழே வைத்துவிட்டு, "கையெழுத்து வாங்கிட்டு வந்திருக்கலாமே" என்றார். "மேடம், அது அவங்க தன்மானம்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் குலுக்கலன்றுதான் புரிந்தது.

குலுக்கல் அதே கொட்டகையில் நடந்தது. பிளாஸ்டிக் குடத்துக்குள் சீட்டுகள். ஒவ்வொருவராக வந்து கைவிட்டு எடுத்தார்கள். இஞ்சின்காரருக்குச் சாலையைப் பார்த்த மூலைக் கீழ்வீடு. மனிதர் ஒரு குதி குதித்தார். அக்கா எடுத்த சீட்டை நான்தான் பிரித்து வாசித்தேன். அதே மூலைக் கட்டடம். மாடி.

சீட்டைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தேன், வேறு எதுவும் எழுதியிருக்கவில்லை. ஆனால் அக்கா சிரித்துக்கொண்டு, "அட, மாடியா! பவுசுதான் போ" என்று முந்தானையை உதறி நடந்தார். பின்னாலேயே ஓடினேன்.

"அக்கா, மனசு கஷ்டப்படாதீங்க."

"இன்னாத்துக்கு? ஒரு வருசம்தானே. இந்த மழைக்கு இவர எங்க அம்மா வூட்ல வுட்டுட்டு சமாளிச்சிக்கிறேன். அடுத்த வருசம் கீழ வந்துடுவோம்."

"அடுத்த வருஷம் எப்படிக் கீழ வருவீங்க?"

அதற்கு இஞ்சின்காரர் பதில் சொன்னார், தோளில் துண்டைச் சுழற்றியபடி. "இன்னா சார், நீதானே சொன்ன, பாடு மாதிரின்னு. இந்த வருசம் மூலைவூட்டுக்கு நான் ராஜா. அடுத்த வருசம் எவனோ!"

நான் கேட்காமல் விட்ட மீதிப் பேருந்துப் பேச்சு அப்போது எனக்கு முழுசாக வந்து சேர்ந்தது. பாடு முறையில் சீட்டு எடுப்பது யார் முதலில் என்பதற்குத்தான். அதற்குப் பிறகு முறை சுற்றிக்கொண்டே இருக்கும். இன்று நல்ல இடம் கிடைத்தவனுக்கு நாளை வெறும் இடம்; வெறும் இடம் கிடைத்தவனுக்கு நாளை நல்லது. யாரும் எந்த இடத்திலும் நிலைத்து உட்கார முடியாது. அதனால்தான் ஒருவரும் சண்டை போடவில்லை. அதனால்தான் அன்று சாயங்காலத்துக்குள் கையெழுத்து. வருஷா வருஷம் சட்டி பானையோடு வீடு மாறலாம் என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது. நம்பவைத்தவன் மீன்பெட்டிமேல் நின்று கத்திய நான்.

ஒரு மனிதன் இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தேன். காய்ச்சல் என்று சொல்லி இரண்டு நாள் வீட்டில் படுத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் நிஜமாகவே உடம்பு சுட்டது, பயத்தில். எழுந்து போய் அதிகாரி அம்மாவிடம் சொன்னேன்.

அவர் முழுக்கக் கேட்டார். பாடு என்றால் என்ன என்று இரண்டு முறை கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார், சிரித்தார், பக்கத்து அறையிலிருந்து ஆள் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். சட்டென்று நிறுத்தினார்.

"அந்தம்மா வீட்டுக்காரரை எப்படி மாடிக்கு ஏத்துவாங்க?"

நான் என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

ஒதுக்கீட்டு உத்தரவு கையெழுத்தாகிவிட்டது, தனி விண்ணப்பத்துக்குக் காலம் முடிந்துவிட்டது என்றார். ஒரே வழி இருக்கிறது. சாவி கொடுப்பதற்கு முன் இரண்டு வீட்டுக்காரர்கள் மனமொத்துக் கையெழுத்துப் போட்டால் வீட்டை ஒருவருக்கொருவர் மாற்றித் தரலாம். சாவி கொடுக்க ஒரு வாரம் இருந்தது. மழைக்கு அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். "போங்க" என்றார். "பண்பாட்டை உள்வாங்கிக்கிட்டுப் பேசுங்க." தூங்கவில்லை போலிருக்கிறது அன்று ஜீப்பில்.

மறுபடியும் கொட்டகை. இந்த முறை மீன்பெட்டிமேல் ஏறவில்லை. தரையில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். இது ஒரு முறை எடுக்கிற சீட்டு, வந்த வீடு வந்ததுதான், மாறாது, தப்பு என்னுடையது.

ஊர்த் தலைவர் நிதானமாக வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அச்சு அசல்னு சொன்னியே."

"சொன்னேன் தலைவரே."

"பாடு உனக்குத் தெரியுமா?"

"கேள்விப்பட்டிருக்கேன்."

"யாராண்ட?"

"பஸ்ல."

கொட்டகை சிரிப்பில் அதிர்ந்தது. இஞ்சின்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஏன் சார், உங்க ஊர்ல நெலத்துக்கு சீட்டுப் போட மாட்டீங்களா?"

"இல்லண்ணே. எங்க ஊர்ல அண்ணன் தம்பி கேஸ்தான் போடுவோம்."

அதற்கும் சிரித்தார்கள். திட்டுவதற்கு வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள், தப்பித்தேன் என்று ஒரு கணம் நினைத்தேன். அப்போதுதான் அக்கா பேசினார். அவர் சிரிக்கவில்லை.

"அப்போ இது எப்பவுமா?"

"எப்பவும்தான் அக்கா."

அவர் பக்கத்திலிருந்த தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "அந்தப் பேப்பர எட்தாந்தப்போ இத்த ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே தம்பி."

அண்ணன் பலகையில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஏதாவது சொல்லி என்னைக் கிண்டலடித்தால் தேவலை என்றிருந்தது.

மாற்று விண்ணப்பத்தைப் பையிலிருந்து எடுத்தேன். கீழ்வீடு கிடைத்தவர்கள் யாராவது மனசு வைத்தால் என்று தொடங்கினேன். கீழ்வீடு கிடைத்தவர்கள் எல்லோரும் கொட்டகையின் கூரையைப் பார்த்தார்கள். கூரை அவ்வளவு பார்க்கும்படியாக இல்லை. நான் விடவில்லை. பாவம் அண்ணன், நடக்க முடியாத மனுஷன், கொஞ்சம் இரக்கப்பட்டு...

"ஏய்!" அக்கா எழுந்துவிட்டார். "எங்களுக்காக எவன்கிட்டயும் நீ பிச்ச கேக்காத. யார் வூடும் எனக்கு வேணாம்."

நான் விண்ணப்பத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

ஊர்த் தலைவர் கையை உயர்த்தினார். "தோ பாரு, சர்க்காருக்கு இன்னா தெரியும்? பாடுன்னு சொல்லித்தான் கையெழுத்து வாங்கினாங்க, பாடுன்னு நெனச்சித்தான் ஊரு சீட்டு எடுத்துது. பட்டா எவன் பேர்லயாவது இருந்துட்டுப் போவட்டும். வருசா வருசம் வூடு மாறும். நம்ம ஊரு, நம்ம சீட்டு. இன்னா சொல்றீங்க?"

மாடி கிடைத்தவர்கள் எல்லோரும் ஆமாம் என்று கத்தினார்கள். கீழ்வீடு கிடைத்தவர்கள், கத்தியவர்களின் முகத்தைப் பார்த்துவிட்டு ஆமாம் என்று முனகினார்கள். ஒரு அரசு ஆணை என் கண்ணெதிரே மீன் செதிலோடு சேர்த்துப் பெருக்கித் தள்ளப்பட்டது. நான் எதையும் கேட்காதவன் மாதிரி நின்றேன்.

ஆனாலும் இந்த வருஷம் அக்காவுக்கு மாடிதான். மழை இந்த வருஷமும் வரும்.

அக்கா உட்காரவில்லை. தலைவர் பக்கம் திரும்பிக் கேட்டார். "தலைவரே, பாடு நாள்ல ஒருத்தன் படகு பழுதாப் போச்சின்னா இன்னா செய்வோம்?"

"இன்னா புதுசா கேக்குற? மொதல்ல நல்ல எடம் எடுத்தவன் அவனோட மொறைய மாத்திக்கணும்."

"மாட்டேன்னு சொல்லலாமா?"

"எப்டி சொல்ல முடியும்? நாளைக்கு அவன் படகும் பழுதாவும் இல்ல?"

"அப்ப எழுதிக்குங்க." அக்கா பலகையில் உட்கார்ந்திருந்த புருஷனை நோக்கிக் கையை நீட்டினார். "என் படகு பழுது."

எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். அவர் மெதுவாக நிமிர்ந்து, தன்னைத்தானே ஒரு முறை மேலிருந்து கீழ்வரை பார்த்துக்கொண்டார்.

"அடிப்பலகதான் போயிருக்குது" என்றார். "இஞ்சின் நல்லாத்தான் கீது."

அப்புறம் எழுந்த சிரிப்பில் ஏலக் கொட்டகையின் ஓட்டிலிருந்து புறாக்கள் பறந்துபோயின. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "ச்சீ, வாய மூடு" என்றார். ஆனால் அவரும் சிரித்துவிட்டார். இரக்கத்துக்கு அங்கே இடமே இல்லாமல் போய்விட்டது. அது முறை. முறையைக் கேட்டு வாங்கினால் யாரும் யாருக்கும் கடமைப்பட்டவர்கள் இல்லை. நான் அரை நாள் கெஞ்சியிருந்தாலும் நடந்திருக்காத ஒன்றை, அக்கா ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

சீட்டில் முதன்முதலாகக் கீழ்வீடு எடுத்தவர் இஞ்சின்காரர். எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"அப்ப என் இஞ்சின்?" என்றார் அவர், குழந்தையைத் தொலைத்தவர் குரலில்.

"மாடியில காத்து நல்லா வரும், ஒடம்புக்கு நல்லது" என்றார் தலைவர்.

விண்ணப்பத்தை நீட்டினேன். பேனாவை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஒரு வருசத்துக்குன்னு எழுது சார்."

"அண்ணே, இதுல வருஷத்துக்குக் கட்டம் இல்ல."

"அப்போ எப்டி நம்பறது?"

"பேப்பர்ல இல்லன்னா இன்னா?" தலைவர் குறுக்கே வந்தார். "ஊர்ல கீது. போடு."

இஞ்சின்காரர் கையெழுத்துப் போட்டார். பேனா காகிதத்தில் ஓட்டை போடும் அளவுக்கு அழுத்திப் போட்டார். மறுநாள் இரண்டு பேரையும் அதிகாரி அம்மாவிடம் அழைத்துப் போனேன். அவர் படித்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் மனசார சம்மதம்தானே?" என்றார்.

"மனசு இன்னும் கீழ்வூட்லதான் கீது மேடம்" என்றார் இஞ்சின்காரர். "கையெழுத்து மட்டும் வந்துகீது."

"கையெழுத்து போதும்."

ஊர் செய்துகொண்ட மற்ற ஏற்பாட்டையும் நான் மறைக்காமல் சொன்னேன். மறைத்துப் பழகினால் மறுபடி காய்ச்சல் வரும். அவர் கோப்பை மூடிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "சாவி யாருக்குக் கொடுத்தோம்னுதான் என் ஃபைல்ல இருக்கு. அதுக்கப்புறம் யார் யார் வீட்டுக்கு விருந்தாளியாப் போறாங்கன்னு கேக்கறதுக்குக் கட்டம் இல்ல."

குடிபோகும் நாளில், பிராயச்சித்தமாக இருக்கட்டும் என்று, அந்த இஞ்சினை மாடிக்குத் தூக்க நானே முன்வந்தேன். ஏழாவது படியில் நானும் அதுவும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தபடி நின்றுவிட்டோம். இஞ்சின்காரர் மேலிருந்து, "பாத்து சார், புதுசு, புதுசு!" என்று கத்தினார். என்னைச் சொல்லவில்லை.

பத்து நாளில் மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் அடித்து, நான்காம் நாள் கொஞ்சம் வெளிவாங்கியபோது, சேதக் கணக்கு எடுக்க என்னை அனுப்பினார்கள். சாலை மூழ்கியிருந்ததால் படகில் போனேன். அந்தப் பயணத்தைப்பற்றி எழுத ஒன்றுமில்லை. காலையில் சாப்பிட்ட இட்லி மட்டும் பாதி வழியில் இறங்கிக்கொண்டது.

மேட்டு வீடுகளுக்குத் தண்ணீர் வரவில்லை. மூலைக் கீழ்வீட்டு வாசலில், காய்ந்த தரையில், அண்ணன் பலகையில் உட்கார்ந்து வலை முடிந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நன்றி சொல்லப் போகிறார் என்று தலையைப் பணிவாகச் சாய்த்துக்கொண்டேன்.

"சார், மாடியிலேர்ந்து ஏரி முழுக்கத் தெரியுதாமே?"

"அப்படியா?"

"முகத்துவாரம் வரைக்கும் தெரியுதாம். காலைல எழுந்து நின்னா, பறவ எங்க எறங்குது, மீன் எங்க கீதுன்னு அந்தாளு மேலேர்ந்தே பாத்துட்றான். எல்லாருக்கும் முந்தி போயி வலைய வுட்றான். ஊரே இப்ப மாடி மாடின்னு பேசுது." அவர் வலையைக் கீழே போட்டார். "எனக்குப் போயி கீழ்வூட்ட வாங்கிக் குட்துட்டியே சார்."

உள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது. "படகு பழுதுன்னு ஊரே எழுதிக்கிச்சி. இனிமே கீழதான். மூடிக்கினு வலயப் பாரு."

"பழுது பாத்தாச்சின்னு எழுதச் சொல்லு."

அக்கா பின்பக்கம் போன சத்தம் கேட்டது. அண்ணன் என்னைப் பார்த்தார். மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த இஞ்சின்காரரைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். அவர் எதுவும் கேட்கவில்லை. இஞ்சின்காரர் தானாகவே கீழே இறங்கி வந்தார். ஆளுக்கொரு பக்கம் கைகொடுத்து, பின்னிய கைகளில் அவரை உட்காரவைத்துப் படி ஏறினோம். அவர் எங்கள் இரண்டு கழுத்தையும் இறுக்கிக்கொண்டு, "புதுசில்ல, பழசுதான், பயப்படாம தூக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

மேலே கைப்பிடிச் சுவரில் சாய்த்து உட்காரவைத்தோம். ஏரி வெள்ளித் தகடாக விரிந்து கிடந்தது. கீழ்வரிசை இருந்த இடத்தில் சில கூரை முகடுகள் மட்டும் தெரிந்தன. கடைசி முகடு அவருடையது. அதை வெகுநேரம் பார்த்தார்.

"நல்லா குளிக்குது" என்றார். அவ்வளவுதான் அதைப்பற்றி.

பிறகு அவர் கண் தூரத்துக்குப் போனது. கழுத்தை நீட்டினார். இஞ்சின்காரரின் செல்போனைப் பிடுங்கி, ஏரியில் இருந்த தன் மச்சானைக் கூப்பிட்டு, "டேய், அங்க இன்னாடா கிழிக்கிற? வடக்கால வா, மடவ மீனு துள்ளுது பாரு, இன்னும் வா, இன்னும்" என்று கையை ஆட்டிக் கத்த ஆரம்பித்தார். ஏரியில் ஒரு சின்னப் புள்ளி மெல்ல வடக்கே திரும்பியது.

கீழே காலியாக இருந்த பலகையை அக்கா அப்போதுதான் பார்த்திருக்க வேண்டும்.

"யாரக் கேட்டு ஏத்துனீங்க? தோ வரேன் இரு! எறக்குங்கடா அவர!"

நானும் இஞ்சின்காரரும் அவசரமாகக் குனிந்து கைகளைப் பின்னினோம். அண்ணன் போனைக் காதிலிருந்து எடுக்காமலே எங்களைத் தள்ளிவிட்டார்.

"இருங்கடா. அவன் இன்னும் வலையே போடல."